ஹதியாவுக்கு ஹதியா

சரக்... சரக்... சரக்...

உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கூடத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபர் றிபா இரண்டு தடவை ஸலாம் சொல்லிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. அறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரையை நோக்கிக் குரலை உயர்த்தினார்.

“சுஹறா ராத்தா! மூணு நாளா உங்களக் காணாம நானே தேடி வந்திருக்கன். என்னோட கோவமெண்டா முகத்துக்கு நேர சொல்லுங்க. திரைக்குப் பின்னால இருந்து இப்பிடிக் கத்தி தீட்டாதீங்க.”

சத்தம் நின்றது. ஓர் ஆண்குரல் சிரித்தது.

“வஅலைக்குமுஸ்ஸலாம் டீச்சர். கோவக்காரி கிணத்தடியில நிக்கிறா. இது கோவக்காரிட மாப்பிள. கத்தி தீட்டல்ல, ஈர்க்கில் சீவுறன்.”

திரையை விலக்கிக்கொண்டு கலந்தர் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையில் பாதி கட்டிய விளக்குமாறு. பத்து வருடங்களுக்கு முன் சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுக்கும்போது முதுகில் விழுந்த அடி அவரைக் கடலுக்குத் திரும்ப விடவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஈர்க்கில்தான் துணை.

“இரிங்க டீச்சர், கதிரை பலமான கதிரைதான். நான்தான் உங்கட பள்ளிக்கூடத்துக்கு விளக்குமாத்துக் கொந்தராத்துக்காரன். மாசம் எட்டு. அவ வேலைக்குப் போகாட்டியும் விளக்குமாறு போகோணுமாம். கடும் உத்தரவு.”

றிபா திகைத்தார். சம்மாந்துறையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகும் அவர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. விளக்குமாறுகளை அரசாங்கம் அனுப்புகிறது என்றே நினைத்திருந்தார்.

“இதுக்குப் பள்ளிக்கூடம் காசு தாறதா?”

“காசா?” கலந்தர் விளக்குமாற்றை மடியில் வைத்துத் தட்டிச் சமப்படுத்தினார். “இது ஹதியா டீச்சர். ஹதியாவுக்கு ஹதியா.”

அந்த நேரம் பின்வாசலால் சுஹறா வந்தாள். நாற்பத்தாறு வயது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள் அதிபரைக் கண்டதும் அப்படியே நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. கிணற்றுத் தண்ணீரால் மட்டும் அப்படிச் சிவக்காது.

“டீச்சர், நீங்க ஏன் இந்த வெயிலில...”

“நீங்க வராம எனக்குப் பள்ளிக்கூடம் திறக்க மனம் வரல்ல ராத்தா. என்ன நடந்த?”

அவ்வளவுதான். சுஹறா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடங்களாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

*

சுஹறாவை அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர்கள் இல்லை. காலையில் கேற்றைத் திறப்பவள் அவள். மணி அடிப்பவள் அவள். வகுப்பறைகளையும் மலசலகூடங்களையும் கழுவுபவள், ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி வைப்பவள், முதலாம் வகுப்புப் பிள்ளை உம்மாவைத் தேடி அழுதால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாளியைச் சுமப்பவள் எல்லாம் அவள்தான். பிள்ளைகளுக்கு அவள் ‘சுஹறா ராத்தா’. அக்காவை இந்தப் பக்கத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இன்று உயரத்தில் அவளைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கும் அவள் ராத்தாதான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு பதவி கிடையாது. சிற்றூழியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த காலத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவளைக் கூப்பிட்டது. செயலாளர் அப்துல் ஸமட் ஹாஜியார். கல்முனைக் கடைத்தெருவில் பெரிய புடவைக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், வாரி வழங்குபவர்.

“புள்ள, சங்கத்தால சம்பளம் எண்டு தர ஏலா. சம்பளமெண்டு எழுதினா சட்டம், திட்டம், சேமலாப நிதி எண்டு ஆயிரம் கரைச்சல் வரும். நாங்க மாசா மாசம் ஹதியாவாத் தாறம். அதில அல்லாஹ்ட பறக்கத் இருக்கும்.”

ஹதியா. என்ன அழகான சொல்! மனம் உவந்து கொடுக்கும் அன்பளிப்பு. பள்ளிவாசல் லெப்பைக்குக் கொடுப்பார்கள், ஓதிக் கொடுக்கும் முஅல்லிமுக்குக் கொடுப்பார்கள். அதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். போதாது என்று சொல்ல மாட்டார்கள். கொடுத்தவர் முன்னால் உறையைப் பிரித்து எண்ணுவதுகூட மரியாதையில்லை.

சுஹறாவும் எண்ணவில்லை. ‘ஹதியா – சுஹறா’ என்று எழுதிய உறையை மாதம் பிறந்ததும் இரு கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது மாதத்தின் பத்தாம் தேதிக்கு மேல் தாங்காது. மற்ற நாட்களுக்கு சுபஹுத் தொழுகைக்கு முன்னால் எழும்பி இடியப்பம் அவித்து விற்றாள்.

அவள் செய்த தவறு ஒன்றுதான். அந்தச் சொல்லை அவள் மெய்யாகவே நம்பினாள்.

சிறு வயதில் ஓதப் போன இடத்தில் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஒருவர் ஹதியா தந்தால் நாமும் ஏதாவது ஹதியா கொடுக்க வேண்டும், அப்போதுதான் முஹப்பத் என்ற அன்பு வளரும் என்று. பள்ளிக்கூடம் அவளுக்கு மாதா மாதம் ஹதியா தருகிறதே! அவள் வெறுங்கையோடு இருப்பாளா? முதல் மாதம் கை கழுவ ஒரு கட்டுச் சவுக்காரம் கொண்டுபோனாள். அடுத்த மாதம் ஊசிப்பின் ஒரு பெட்டி. காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழும் பிள்ளைகளுக்கென்று ஒரு பேணி நிறைய விசுக்கோத்து. கலந்தரின் முதுகு போன பிறகு விளக்குமாறு. இப்படியே பன்னிரண்டு வருடங்கள்.

அந்த வீட்டில் ஒரு மீனை இரண்டு நாளாகப் பங்கிட்ட மாதங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்துச் சவுக்காரம் நின்ற மாதம் இல்லை.

*

“அதெல்லாம் எனக்குப் பாரமா இரிக்கல்ல டீச்சர்” என்றாள் சுஹறா. “ஆனா இந்த வருசம் ஏலாமப் போச்சி. மகள் அப்ரா மட்டக்களப்பில தாதி படிப்புக்குப் போயிரிக்கா. அங்க தங்கிறதுக்குக் குடுக்கோணும். இவர்ட மருந்து. இடியப்பத்துக்கு மா விலையும் ஏறிட்டு. அதான் அக்கரைப்பற்றில ஒரு துப்புரவுக் கம்பனி ஆள் எடுக்கிற எண்டு போனன். மூணு நாள் பயிற்சி.”

“போனதில பிழ இல்லையே ராத்தா. அதுக்கேன் இப்பிடி அழுறீங்க?”

சுஹறா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கலந்தர்தான் சொன்னார். “கேளுங்க டீச்சர். அவட கண்ணீர் கம்பனிக்காக இல்ல, ஒரு சொல்லுக்காக.”

நடந்தது இதுதான். கம்பனியின் மேற்பார்வையாளர் பஸால் என்ற இளைஞன் படிவம் நிரப்பினான்.

“உம்மா, முந்தி எங்க வேல செஞ்சீங்க?”

“பள்ளிக்கூடத்தில மனே. பன்னெண்டு வருசம்.”

“நல்லம். கடைசியா எடுத்த சம்பளம் எவ்வளவு?”

“சம்பளம் இல்ல மனே. ஹதியா.”

அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. இளவயதுச் சிரிப்பு. “ஹதியா வாங்க நீங்க என்ன உம்மா லெப்பையா?”

வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவன் படிவத்தில் ஏதோ எழுதினான். சுஹறா எட்டிப் பார்த்தாள்.

“என்ன மனே எழுதினீங்க?”

“முன் அனுபவம் இல்லை எண்டு. கடிதமும் இல்ல, சம்பளத் துண்டும் இல்ல. வேற என்னத்த நான் எழுதுற?”

இல்லை! பன்னிரண்டு வருடங்கள் குனிந்து நிமிர்ந்த முதுகு. பெனாயிலில் வெந்த கைகள். மழை நாளில் வெள்ளம் ஏறிய வகுப்பறையிலிருந்து தோளில் சுமந்து கரை சேர்த்த பிள்ளைகள். அத்தனையும் மூன்றெழுத்தில் முடிந்துபோயின.

“அழிச்சிப்போட்டான் டீச்சர்” என்றாள் சுஹறா. “அந்தப் புள்ளையில பிழ இல்ல. மெய்யத்தானே எழுதின. நான் என்ன வேலையா செஞ்சன்? ஹதியா வாங்கின மனுசிதானே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திங்கக்கிழம கையெழுத்து வெக்கச் சொல்லிரிக்காங்க. புது ஆளுக்குத் தாற சம்பளமாம். அதுவே பள்ளிக்கூடத்துக் காசப் போல ரெண்டரை மடங்கு.”

“வெக்கப் போறீங்களா?”

“வேற என்ன செய்ய? ஆனா மணிச் சத்தம் கேக்காம எனக்கு விடியுமா எண்டு தெரியல்ல.”

றிபா எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதிபர் தரையில் உட்கார்ந்ததைக் கண்ட சுஹறா பதறி எழும்பப் பார்த்தாள். றிபா அவள் கையை விடவில்லை.

“ராத்தா, திங்கக்கிழம வரைக்கும் எங்கயும் கையெழுத்து வெக்காதீங்க. எனக்காக.”

*

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் மணி பத்து நிமிடம் பிந்தி அடித்தது. அடித்தவர் உடற்பயிற்சி ஆசிரியர் பர்ஸான். மூன்று தடவை அடிக்க வேண்டியதை ஏழு தடவை அடித்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது என்று புத்தகப் பைகளைத் தூக்கினார்கள்.

றிபா தன் கந்தோர் அறைக்குக் கணக்கெழுதும் எழுதுவினைஞர் பூபாலசிங்கத்தைக் கூப்பிட்டார். சொறிக்கல்முனையிலிருந்து வரும் அவர் பதினைந்து வருடங்களாக இங்கே இருக்கிறார்.

“ஐயா, சுஹறாவுக்கு அனுபவக் கடிதம் ஒண்டு குடுக்கோணும். அவட பேர் எந்தப் பதிவில இருக்கு?”

பூபாலசிங்கம் தலையைச் சொறிந்தார். “எந்தப் பதிவிலயும் இல்ல மெடம். சங்கத்திட கொப்பியில ‘ஏனைய அன்பளிப்புகள்’ எண்டு ஒரு இடம் இருக்கு. பரிசளிப்பு விழாவுக்குப் பூமாலை வாங்கினதும் அதுக்கதான் கிடக்கு.”

“பூமாலையோடயா?”

“ஓம். பூமாலை வருசத்துக்கு ஒருக்கா. சுஹறா மாசா மாசம்.”

“சரி. சவுக்காரம், பெனாயில் எல்லாம் எங்கயிருந்து வருது?”

“பெனாயில் நாங்கள்தான் எடுக்கிறது. சவுக்காரத்துக்கு நான் வந்த மூணாம் வருசத்துக்குப் பிறகு ஓடர் போடவே இல்ல மெடம். முடிஞ்சாத்தானே போட? அது முடியிறதே இல்ல.” சிரிக்கத் தொடங்கிய பூபாலசிங்கம் அதிபரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். “மெடம்... அது அவவா?”

றிபா எழுந்து, சுஹறா பார்த்துக்கொள்ளும் நோயாளர் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தார். விசுக்கோத்துப் பேணி. ஊசிப்பின். பழைய பத்திரிகைத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்த மாதவிடாய்த் துணிகள். அதற்குக் கீழே, நீலம் போட்டுத் தோய்த்து மடித்த வெள்ளைச் சீருடைகள் ஏழு. வகுப்பில் உடை அழுக்காகிப் பயந்து அழும் பெண்பிள்ளைகளுக்கு மாற்றுடையாகக் கொடுப்பவை. றிபா ஒன்றைப் பிரித்தார். கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் மங்கிய மையில் ஒரு பெயர் இருந்தது.

அப்ரா.

அடுத்ததைப் பிரித்தார். அப்ரா. அதற்கடுத்ததிலும் அப்ரா.

பள்ளிக்கூடத்தின் அதிபர் ஏழையும் பழையபடி மடித்துத் தன் அறைக்கு எடுத்துப் போனார்.

*

அன்று பகல் அப்துல் ஸமட் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம். விசயத்தைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“சுஹறாவுக்குக் கஷ்டமெண்டா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே டீச்சர். நோன்புக்கு அரிசி அனுப்புறன், பெருநாளைக்குப் புடவ அனுப்புறன். நான் கேட்டவங்களுக்கு இல்ல எண்டு சொன்ன ஆளா?”

“இல்ல ஹாஜியார். ஆனா அவ கேக்கமாட்டா. ஹதியாவக் கேட்டு வாங்கிறது வழக்கமா?”

“அது... வழக்கம் இல்லதான்.”

“உங்கட கடையில எத்தின பேர் வேல செய்றாங்க?”

“பதினாலு பேர்.”

“அவங்களுக்கும் ஹதியாவா குடுக்கிறீங்க?”

“என்ன டீச்சர் பகிடியா? அவங்க காலையில இருந்து நிண்டு வேல செய்றவங்க. அவங்களுக்குச் சம்பளம்...”

 வெளியே வாசலில் நாலு நாளாகக் கூட்டாத வேப்பஞ்சருகு காற்றில் உருண்டு வந்து ஹாஜியாரின் செருப்பில் ஒட்டியது.

“சனிக்கிழமை பெற்றாரைக் கூப்பிடுறன்” என்றார் றிபா. “நீங்களும் வாங்க.”

*

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஹாஜியார். சுஹறாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் முன்னால் இதைப் பேசினால் அதுவும் ஒரு பிச்சை கேட்பதாகிவிடும் என்று றிபா நினைத்தார்.

அந்தக் கம்பனி அனுபவசாலிக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சங்கமும் சுஹறாவுக்குக் கொடுக்க வேண்டும், சேமலாப நிதியும் கட்ட வேண்டும் என்று றிபா சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்.

“கூட்டித் துடைக்கிறதுக்கு இவ்வளவா டீச்சர்? எங்களுக்கே வாழ ஏலாமக் கிடக்கு.”

சிலர் தலையாட்டினார்கள். றிபா வாதாடவில்லை. மேசையின் மேல் ஏழு வெள்ளைச் சீருடைகளையும் ஒவ்வொன்றாக விரித்து வைத்தார்.

எட்டாம் வகுப்பு நுஸ்ஹாவின் உம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். மெல்ல எழுந்து மேசைக்கு வந்தார்.

“இது... இது என்ட மகள் மார்ச் மாசம் உடுத்து வந்த உடுப்பு. இந்தா, இந்தக் கைமடிப்பில தேத்தண்ணிக் கறை. நான்தான் கழுவித் திருப்பி அனுப்பின. பள்ளிக்கூடத்துச் சாமான் எண்டெல்லா நெனச்சன்.”

“பட்டிக்குள்ள பாருங்க” என்றார் றிபா.

அந்தத் தாய் பட்டியைத் திருப்பினார். பெயரை வாசித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது சுஹறா ராத்தாட மகள்ட பேர்.”

இன்னொரு தாய் எழும்பி வந்தார். பிறகு இன்னொருவர். பிறகு யார் முதலில் என்று தெரியாமல் ஒரு கூட்டமே மேசையைச் சூழ்ந்தது. எவருடைய மகள் எந்த உடையில் வீட்டுக்கு வந்தாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். “என்ட புள்ள அண்டைக்கு அழாம வந்தாகா. ராத்தா இருந்தா, பயமில்லாம இரிந்திச்சு உம்மா எண்டு சொன்னா.” பின்வரிசையில் எழும்பியவர் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்பிள்ளைகள்.

அப்துல் ஸமட் ஹாஜியார் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். பெரிய கூட்டங்களில் பேசிப் பழகிய அந்த மனிதர் இப்போது மேசையைப் பார்த்தே பேசினார்.

“நாங்க அவக்கு ஹதியா குடுக்கிறம் எண்டு நான் பன்னெண்டு வருசமா பெருமையாச் சொல்லித் திரிஞ்சன்” என்றார். “அவட ஹதியாவிலதான் நாங்க பள்ளிக்கூடம் நடத்தியிருக்கம்.”

*

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் தனியாக வந்தார். ஒரு கையில் உறை. மறு கையில் வழக்கம்போல ஒரு பெரிய பை. அரிசி, சீனி, பேரீச்சம்பழம், மேலே ஒரு புடவை.

கலந்தர் ஊன்றுகோலை ஊன்றி எழும்பினார். “வாங்க ஹாஜியார். கதிரையில இரிங்க. டீச்சர் வந்தண்டு தரையில இரிந்திட்டா. நீங்களும் இரிந்திட்டா என்ட கதிரைக்குத்தான் அவமானம்.”

ஹாஜியார் சிரிக்க முயன்றார். உறையை எடுத்துச் சுஹறாவிடம் நீட்டினார். சுஹறா உறையின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாள். ‘ஊழியர் சுஹறா’. அவ்வளவுதான். ஹதியா என்ற சொல் இல்லை.

உள்ளே இருந்த கடிதத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பன்னிரண்டு வருடங்கள் ஊழியம் செய்தவர் என்று இருந்தது. அடுத்த மாதம் முதல் மாதச் சம்பளம் என்று இருந்தது. தொகையை வாசித்தபோது அவள் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

“இந்தக் கடிதத்தோட கம்பனிக்குப் போனாலும் உங்களுக்கு நல்ல சம்பளம் தருவாங்க” என்றார் ஹாஜியார். “போறதெண்டா நான் தடுக்கமாட்டன். அது உங்கட உரிம. ஆனா வந்தீங்களெண்டா... புள்ளைகள் கேற்றடியில நிண்டு பாத்திட்டுத்தான் உள்ளுக்குப் போகுதுகளாம்.”

சுஹறா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இன்னொண்டும் சொல்லோணும்” என்றார் அவர். “பெற்றாரும் பழைய மாணவரும் காசு போட ஒத்துக்கொண்டாங்க. காசு சேர மூணு மாசம் எடுக்கும். அதுவரைக்கும் குறையிறத நான் என்ட கையால போடுறன்.”

“வேணாம் ஹாஜியார்.”

“ஏன் புள்ள?”

“உங்கட கையால தந்தா அது திரும்பவும் ஹதியாதான். பள்ளிக்கூடம் தரோணும்.”

ஹாஜியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருடங்களில் சுஹறா அவரிடம் வேணாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. 

“அப்ப நான் சங்கத்துக்குக் கடன் குடுக்கிறன். சங்கம் உங்களுக்குச் சம்பளம் தரட்டும். சரியா?”

“அது உங்களுக்கும் சங்கத்துக்கும் உள்ள கத. எனக்குச் சம்பளம் வந்தாச் சரி.” சுஹறா கடிதத்தை மடித்தாள். “மத்தது, இனி நான் சவுக்காரம் கொண்டுவர மாட்டன். பள்ளிக்கூடம் வாங்கோணும். விளக்குமாறும் அப்பிடித்தான்.”

“விளக்குமாத்துக்குக் கொந்தராத்துக்காரன்ட விலையக் கேக்கோணும்” என்றார் கலந்தர். “கடும் விலை.”

“ஓம், ஓம். எல்லாம் வாங்குவம்.”  ஹாஜியார் எழுந்து நின்றார். “புள்ள, ஒராள்ட உரிமையப் பிடிச்சி வெச்ச ஹக்குக் கடன் பெரிய கடன். நாங்க தெரியாமச் செஞ்சிட்டம். பன்னெண்டு வருசத்தையும் பொருந்திக்கொள்ளுங்க.”

மன்னிப்புக் கேட்பவர் பொருந்திக்கொள்ளுங்கள் என்றால், பொருந்திட்டன் என்று உடனே சொல்லிவிடுவதுதான் ஊர் வழக்கம்.  சுஹறா உள் அறையில் சாய்த்து வைத்திருந்த விளக்குமாறுகளைப் பார்த்தாள். நீலம் போட்டுத் தோய்த்த தன் கைகளைப் பார்த்தாள்.

“உடன பொருந்த ஏலா ஹாஜியார்” என்றாள் மெதுவாக. “பன்னெண்டு வருசமெல்லா. கொஞ்சம் கொஞ்சமாப் பொருந்துவன். மாசா மாசம்.”

ஹாஜியார் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். “நியாயம்” என்றார். “அது நியாயம்தான்.”

“நாளைக்கு மணி நேரத்துக்கு அடிக்கும்” என்றாள் சுஹறா.

அவருக்கு அது விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் அந்தப் பெரிய மனிதரின் கண்ணிலிருந்து ஒரு துளி வெள்ளைத் தாடியில் விழுந்தது. அதை மறைக்க அவர் அவசரமாகப் பையைப் பார்த்தார்.

“இதை... இதையும் நீங்க வேணாமெண்டு சொல்லிடாதீங்க. பழக்கத்தில கொண்டுவந்திட்டன்.”

சுஹறா பையை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“ஏன் வேணாம்? சம்பளம் சம்பளமா வந்தா, ஹதியாவ சந்தோசமா வாங்கலாம்தானே. இரிங்க.”

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் புத்தம் புதிய விளக்குமாறு ஒன்று இருந்தது. நேற்றுக் கட்டியது. ஈர்க்கில் இன்னும் பச்சை வாசம் வீசியது.

“உங்கட வீட்டுக்கு. ஹதியாவுக்கு ஹதியா.”

“விளக்குமாத்த யாருங்கா ஹதியாவாக் குடுக்கிற?” என்று கலந்தர் தலையில் கைவைத்தார். “ஹாஜியார் றோட்டால போகோணும்!”

ஹாஜியார் அதை வாங்கினார். ஒரு கணம் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பார்த்தார். சுஹறா பிடியைத் திருப்பி அவர் கையில் சரியாக வைத்துக் கொடுத்தாள்.

வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக, கையில் விளக்குமாற்றோடு அவர் ஒழுங்கையில் நடந்தபோது, எதிர்வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் கேட்டார், “எங்க ஹாஜியார் விளக்குமாத்தோட?”

“ஹதியா கிடைச்சது” என்று அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னது சுஹறாவுக்குக் கேட்டது.

அவர் ஒழுங்கை முடக்கில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.